கம்ஷாத் கொண்டு போன இரண்டு செய்திகள்

கரஸு கிராமத்துத் தபால் நிலையத்தில், டெலிபோன் இணைப்புப் பலகைக்கு முன்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்து, ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி வாயைத் திறக்காமல் இருந்தவள் கம்ஷாத். யார் வீட்டில் சண்டை, எவன் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான், எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணைப் பார்த்து வழிகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிவிட ஊர்ப் பெண்கள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். பாறாங்கல்லைக் கிள்ளின மாதிரிதான். அப்படிப்பட்டவள் 1991 ஆகஸ்ட் கடைசி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, காதுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

மாவட்டத் தலைநகரில் இவளைப் போலவே பலகை முன்னால் உட்காரும் பெண்தான் கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, மூடியாச்சு! இப்பத்தான் கையெழுத்துப் போட்டாங்களாம். சாயங்காலம் ஏழு மணிக்கு ரேடியோவுல சொல்லப் போறாங்க. நிஜமா அக்கா, என் காதால கேட்டேன்."

எதை மூடினார்கள் என்று கம்ஷாத் கேட்கவில்லை. கரஸுவில் கைக்குழந்தைகூட அதைக் கேட்காது. மலைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன நாட்டையே உள்ளே போட்டு மூடிவிடலாம் என்கிற அகலத்தில், அணுகுண்டு வெடித்துப் பார்க்கும் மைதானம். ஊர்வாயில் அதற்குப் பொலிகோன் என்று பெயர். நாற்பத்திரண்டு வருஷம். ஆரம்பத்தில் ஆகாயத்தில் வெடித்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பள்ளத்தில் குப்புறப் படுங்கள் என்று சிப்பாய்கள் சொல்வார்கள், ஜனங்களும் படுப்பார்கள், படுத்தபடியே கம்பளியைத் தூக்கி எட்டியும் பார்ப்பார்கள். பிறகு பூமிக்கு அடியில் வெடித்தார்கள். அலமாரிப் பாத்திரம் ஆடும், சுவர் விரிசல் விடும், நாய்கள் ஊளையிடும். வெடிக்கு மறுவாரம் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வந்து ஜனங்களின் ரத்தத்தை ஊசியில் எடுத்துக்கொண்டு போவார்கள். என்ன கண்டார்கள் என்று ஒருத்தருக்கும் சொன்னதில்லை. முடி கொட்டினவர்கள், தொண்டையில் கட்டி வந்தவர்கள், முப்பது வயதில் போய்ச் சேர்ந்தவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வருஷமாக நாடு முழுக்க ஜனங்கள் கூடிக் கூடிக் கத்தியதில் வெடி நின்றிருந்தது. ஆனால் நிற்பது வேறு, இழுத்து மூடுவது வேறு. நின்றது நாளைக்கே திரும்ப ஆரம்பிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் முதல் ஆள் கம்ஷாத்தின் புருஷன் அகான்.

கம்ஷாத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குள்ளே இன்னொரு கணக்கும் ஓடியது. அவள் வயிற்றில் ஐந்து மாதம்.

அது ஒருத்தருக்கும் தெரியாது. அகான் கூட்டுப்பண்ணையின் குதிரை மந்தையை ஓட்டிக்கொண்டு மே மாதமே மேய்ச்சல் புல்வெளிக்குப் போய்விட்டான். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கம்பளிக் கூடாரம். மாதத்துக்கு ஒரு தரம் வந்து மாவும் தேயிலையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். இவள் தொளதொள கவுனுக்கு மேலே தொளதொள மேல்சட்டையையும் மாட்டிச் சமாளித்துவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம். ஊரில் அவளை மலடி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் வேண்டாம் என்றவன் அகான்தான். அவன் அக்கா செய்னேஷுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. இரண்டுக்கும் குழி தோண்டினது அகான். "மூணாவது குழி நான் தோண்ட மாட்டேன் கம்ஷாத். என்னால ஆகாது. அந்தச் சனியனை மூடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கல்யாணமான முதல் மாதமே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவன் அழுததை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். அதனால் ஊர்ப் பேச்சை வாங்கிக் காதில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதுதான் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே.

ஆனால் வயிறு பேசாமல் இருக்குமா? இன்னும் ஒரு மாதத்தில் ஊரே பார்த்துவிடும்.

இப்போது வழி கிடைத்துவிட்டது. எப்படியென்றால், எங்கள் பக்கத்து வழக்கப்படி நல்ல செய்தி கொண்டு வருகிறவர்கள் செய்தியைச் சொல்வதற்கு முன்னால் "சூயின்ஷி!" என்று கத்த வேண்டும். கேட்கிறவர்கள் உடனே "வேணுங்கிறதை எடுத்துக்கோ!" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சொன்னதுதான். செய்தி கொண்டு வந்தவர் கேட்பதைக் கொடுத்தே தீர வேண்டும்; ஆட்டைக் கேட்டால் ஆடு, தொப்பியைக் கேட்டால் தொப்பி. முதலில் சொல்கிறவருக்குத்தான் பரிசு. இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் கிடைத்தால் பெரிய விஷயம். ஆக, பொலிகோனை மூடின செய்தியை அகானிடம் இவள் முதலில் கொண்டு போனால், அவன் எடுத்துக்கோ என்பான். "அடுத்து நான் சொல்லப் போறதுக்கு நீங்க முகத்தைத் தொங்கப் போடக் கூடாது. அதுதான் எனக்குப் பரிசு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் வயிற்றுச் செய்தியைச் சொல்லிவிடலாம். எப்படி இருக்கிறது திட்டம்? கம்ஷாத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பக்கத்து அறையில் தபால் அதிகாரி ரசீதுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"சூயின்ஷி!" என்றாள் வாசற்படியில் நின்று.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றார் அவர் தலையைத் தூக்காமல். "என்ன, பென்ஷன் பணம் வந்துடுச்சா?"

"பொலிகோனை மூடிட்டாங்க!"

கிழவர் முத்திரையை ஓங்கியவர் அப்படியே நின்றார். பிறகு அதைக் கொண்டு மேஜையில், மை ஒற்றியில், தன் கைமேல், எதிரே தொங்கின நாட்காட்டியில் எல்லாம் டமடமவென்று குத்தினார். "என்ன வேணும் சொல்லு! என்ன வேணும்?"

"தபால் வண்டி வேணும். சாயங்காலம் வரைக்கும் லீவு வேணும்."

"ஓட்டிக்கிட்டு ஓடு! பலகையை நான் பார்த்துக்கிறேன். யாராவது கூப்பிட்டா அவங்ககிட்ட நானே சூயின்ஷி வாங்கிக்கிறேன்!"

சும்மா சொல்லக் கூடாது, அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. குதிரை கிழம் என்றாலும் கால் நல்ல கால். கம்ஷாத் வாயை இறுக்க மூடிக்கொண்டு, தெருவில் யாரையும் பார்க்காமல் ஊரைத் தாண்டியிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் கூடாரத்தில் இருந்திருப்பாள். தெருக்கோடியில் ரைஹான் அத்தை நின்றதுதான் வினையாகப் போயிற்று.

ரைஹான் அத்தை கதவடியில் நின்று கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். "எங்கேடி இந்த நேரத்துல? உன் புருஷன் குதிரை மேலேருந்து விழுந்துட்டானா?"

"இல்ல அத்தை, சும்மா" என்று சொல்லத்தான் கம்ஷாத் வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பூட்டியிருந்த வாய். திறந்ததும் உள்ளே இருந்தது எல்லாம் கொட்டிவிட்டது.

"சூயின்ஷி அத்தை! சூயின்ஷி!"

விஷயத்தைக் கேட்டதும் ரைஹான் அத்தை கம்பளத்தைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு கம்ஷாத்தின் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, எனக்கு ஒண்ணும் வேணாம், அவசரமாப் போறேன்..."

"வாயை மூடு. சூயின்ஷி சொல்லிட்டு வெறுங்கையோட போனா என் வீடு விளங்குமா?"

அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கம்பளி மூட்டையை இழுத்தாள். உள்ளே ஆறு பீங்கான் கிண்ணம், நீலப் பூப் போட்டது. கல்யாணத்துக்கு வந்தது இருபத்து நாலு. ஒவ்வொரு வெடிக்கும் ஒன்று, இரண்டு என்று கீழே விழுந்து போய் மிஞ்சினது ஆறு. அந்த ஆறையும் இருபது வருஷமாகக் கம்பளியில் சுற்றி வைத்து, தகர டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மகராசி அவள்.

"எடுத்துட்டுப் போ! இனிமே எனக்கு என்ன பயம்? நான் புதுசு வாங்கி அலமாரி மேல, விளிம்புல, விளிம்புலேயே வரிசையா அடுக்கப் போறேன்!"

சுட்ட ரொட்டியைப் பிய்த்து வாயில் திணித்து, வெண்ணெயைத் திணித்து, நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினாள். அதற்குள் பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் வேலி வழியாகக் கேட்டுவிட்டு ஓடிவந்தார். நானும் கேட்டேன், எனக்கும் செய்தி வந்தது, நானும் கொடுத்தாக வேண்டும் என்று மல்லுக்கட்டி ஒரு ஆட்டுக்குட்டியை வண்டியில் ஏற்றினார். சூயின்ஷியை வேண்டாம் என்று சொன்னால் கொடுக்கிறவர்களுக்கு அவமானம், நல்ல செய்திக்கும் ஆகாது. கம்ஷாத் என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். தபால் நிலையத்தில் புறப்பட்டது பதினொன்றேகாலுக்கு. ஊர் எல்லையைத் தாண்டும்போது மணி பன்னிரண்டரை.

இனி விரட்டலாம் என்று சாட்டையைச் சொடுக்கினாள். வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது. மூட்டைக்குள் கிணுக் என்றது. ரைஹான் அத்தை இருபது வருஷம் காப்பாற்றினதை இருபது நிமிஷத்தில் உடைப்பதா? கம்ஷாத் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியிலோ ஏற்கெனவே ஒரு ஆள். ஆட்டுக்குட்டி ஒரு பக்கம் துள்ளிக் குதித்து அவள் சட்டையை மேய்ந்தது. குதிரை நடைபோட்டது. இப்படியே ஆறு கிலோமீட்டர்.

பின்னால் பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம். திரும்பிப் பார்த்தாள். முகாஷ்! பக்கவாட்டுத் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறான். முகாஷ் டிராக்டர் ஓட்டுகிறவன். அகானும் அவனும் ஒரே வயது. எங்கள் பக்கத்தில் ஒரே வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என்ன குறும்பு வேண்டுமானாலும் செய்யலாம், கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், அகான் சபை நடுவில், "பொலிகோனை மூடிட்டாங்கன்னு எவன் வந்து சொல்றானோ அவனுக்கு என் கருங்குதிரையைக் குடுக்கிறேன்" என்று வாயை விட்டிருந்தான். நடக்கவா போகிறது என்கிற தைரியம். அந்தக் குதிரை பந்தயத்தில் மூன்று தடவை ஜெயித்த குதிரை.

"தங்கச்சி!" முகாஷ் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான். பல் எல்லாம் தெரிந்தது. "நிதானமா வா! ரைஹான் அத்தை சொன்னாங்க, மடியில கிண்ணம் இருக்காமே!"

"அண்ணே, நில்லுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவர்கிட்ட நான்தான் முதல்ல சொல்லணும்!"

"நீ அவன் பொண்டாட்டி. உனக்குக் குடுத்தா வலது பாக்கெட்லேருந்து எடுத்து இடது பாக்கெட்ல போட்டுக்குவான். அந்தக் கஞ்சப் பயல் வயிறெரியறதை நான் என் கண்ணால பார்க்கணும்!"

"குதிரையை நானே வாங்கித் தர்றேன் அண்ணே! ஆட்டுக்குட்டியை எடுத்துக்கோங்க!"

அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, மோட்டார் சைக்கிள் ஒரு திருகலில் பறந்துவிட்டது. கம்ஷாத் புழுதியில் இருமிக்கொண்டு, தெரிந்த வசவையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எடுத்து விட்டாள். டெலிபோனில் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த வசவுகள், நல்ல நல்ல வசவுகள். எல்லாம் தீர்ந்த பிறகு அழுகை வந்தது. வாயை அடக்கத் தெரியாமல், ஐந்து மாதமாகக் காத்திருந்து கிடைத்த வழியை அவளே கெடுத்துக்கொண்டாள். இனி கையில் எந்தப் பிடியும் இல்லாமல், வெறும் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும்.

அவள் மேய்ச்சல் வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி வெயில். கூடாரத்துக்கு வெளியே கம்பளம் விரித்து முகாஷ் ராஜா மாதிரி சாய்ந்திருந்தான். கையில் புளித்த குதிரைப்பால். கருங்குதிரை, சேணத்தோடு, மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்தது. அகான் தொப்பியை ஆகாயத்தில் எறிந்து பிடிப்பதும், முகாஷைக் கட்டிக்கொள்வதும், போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்வதுமாக, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு சுற்றிக்கொண்டிருந்தான்.

மடியில் மூட்டையும், அக்குளில் ஆட்டுக்குட்டியும், முகமெல்லாம் புழுதியுமாக வண்டியிலிருந்து இறங்குகிற மனைவியைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வா வா! ஊரையே கொள்ளையடிச்சுட்டு வந்துட்டியா? லேட்டா வந்துட்டே கம்ஷாத். ஆறிப் போன செய்திக்குப் பரிசு கிடையாது. ஒரு கிண்ணம் பால் வேணா தர்றேன்."

"குதிரையைக் குடுத்துட்டீங்களா?"

"நானே சேணம் போட்டுக் குடுத்தேன்! போகட்டும்! இன்னைக்கு என் ஜிப்பாவைக் கேட்டாலும் கழட்டிக் குடுத்துடுவேன்."

"கேக்கத்தான் நினைச்சேன்" என்றான் முகாஷ். "வேர்வை நாத்தம், வேணாம்னுட்டேன்."

அகான் இப்படிச் சிரித்து கம்ஷாத் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பை அவளே அணைத்துவிடப் போகிறாள். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை, இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குச் சொல்வது? ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டாள்.

"சூயின்ஷி" என்றாள்.

"அதான் முடிஞ்சுதே!"

"இது வேற செய்தி."

"ஒரே நாள்ல ரெண்டா!" அகான் இரண்டு கையையும் விரித்தான். "எடுத்துக்கோ! வேணுங்கிறதை எடுத்துக்கோ!"

"அஞ்சு மாசம்" என்றாள் கம்ஷாத். மேல்சட்டையை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

அகானின் கைகள் விரித்தபடியே இருந்தன. முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முகாஷ் கிண்ணத்தை வாயருகே கொண்டு போனவன் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவன் வாழ்க்கையில் பேச எதுவும் கிடைக்காமல் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஏன் சொல்லல?" என்றான் அகான், தாழ்ந்த குரலில்.

"சொன்னா உங்க முகம் இப்படி ஆயிடும்னுதான்."

"மூடினாங்க, சரி. கையெழுத்துப் போட்டாங்க. மண்ணுல இருக்கிறதுக்கு யார் கையெழுத்துப் போடுவா? இந்தப் புல்லைத்தான் குதிரை மேயுது. அந்தப் பாலைத்தான் நீ குடிக்கிறே, நான் குடிக்கிறேன். எல்லாம் நமக்குள்ளதான் இருக்கு கம்ஷாத்."

"எனக்கு மட்டும் தெரியாதா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு இருக்கிற பயம் எனக்கும் இருக்கு. ராத்திரி ஒரு பக்கமாப் படுத்தா பயம், மறு பக்கம் திரும்பினா பயம். ஆனா அது உதைக்குதுங்க. உதைச்சா எனக்குச் சிரிப்பு வருது. அஞ்சு மாசமா நான் தனியாவே சிரிச்சுக்கிட்டிருக்கேன். போதும் எனக்கு."

அகான் ஆற்றுப் பக்கம் பார்த்தான்.

"டேய்" என்றான் முகாஷ் மெதுவாக. "எடுத்துக்கோன்னு சொல்லிட்டே. நான் சாட்சி. தங்கச்சி இன்னும் எதுவும் கேக்கலை."

உண்மைதானே! திட்டமெல்லாம் பாழாய்ப் போனது என்று அழுததில் கம்ஷாத்துக்கு அது உறைக்கவே இல்லை. கேள் என்று அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், செய்தி என்னவென்று தெரியாமலே. முகத்தைத் தொங்கப் போடக் கூடாது என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம்? அது தொங்கிவிட்டது. அவள் யோசித்தாள். நன்றாக யோசித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"நீங்க போய் இதை ஒருத்தர்கிட்ட சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது. சூயின்ஷி கேட்டுச் சொல்லணும்."

அகான் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கெட்ட செய்திக்கு அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நாக்கு அழுகிவிடும் என்பார்கள். நல்ல செய்திதான் என்று சொல்கிறவனுக்கே நிச்சயம் இருந்தால்தான் அது வெளியே வரும்.

"யார்கிட்ட?"

"பெரியக்காகிட்ட."

"செய்னேஷ்கிட்டயா? பைத்தியமா உனக்கு? ரெண்டைப் புதைச்சவகிட்ட போய்ப் பரிசு குடுன்னு கேக்கவா? வேற எது வேணா கேளு. குதிரையை முகாஷ்கிட்டேருந்து திருடித் தர்றேன்."

"வேற ஒண்ணும் வேணாம்."

செய்னேஷ் அப்போதுதான் ஆற்றங்கரையிலிருந்து மேடேறி வந்துகொண்டிருந்தாள். குதிரைகளிடம் பால் கறந்துவிட்டு இரண்டு கையிலும் வாளி. நாற்பத்தேழு வயது, ஆண்பிள்ளை நடை, வெயிலில் கறுத்த முகம். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்துகொண்டவள். மந்தையில் முரட்டுக் குதிரைகூட அவள் குரலுக்கு நின்றுவிடும். வண்டியையும் தம்பி மனைவியையும் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தினாள்.

"என்னடி கம்ஷாத், நீயும் குதிரை கேட்டா வந்தே? இருக்கிறது எல்லாத்தையும் இந்தத் தாராளப் பிரபு குடுத்து முடிச்சுட்டானே!"

வாளிகளை இறக்கி வைத்து நெற்றியைத் துடைத்தாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். "என்ன, மூஞ்சி எல்லாம் ஒரு மாதிரி இருக்கு? மூடலையா? முகாஷ் புளுகினானா?"

"அக்கா" என்றான் அகான்.

"சொல்லேண்டா."

அவன் கம்ஷாத்தைப் பார்த்தான். அவள் அவனுக்கு உதவி செய்வதாக இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், ஆனால் கட்டின கைக்குள்ளே நகம் சதையில் பதிந்திருந்தது.

"சூயின்ஷி" என்றான் அகான். காற்று அடித்தாலே பறந்து போகிற குரல்.

"எடுத்துக்கோ. என்ன சொல்லு."

"கம்ஷாத்துக்கு அஞ்சு மாசம்."

செய்னேஷ் நின்றாள். கம்ஷாத்தின் வயிற்றைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நேரே வந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். புழுதி கிளம்பியது.

"இதையா இழவு செய்தி மாதிரி சொல்றே? ஏழு வருஷமா இவளை ஊர் மலடின்னுது. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன், பாவி. இந்த மூஞ்சியைப் பார்த்தா தெரியுது, நீதான் வேண்டாம்னியா? என் பிள்ளைங்களைச் சாக்கு வெச்சா?"

"அக்கா, நான் அந்தக் குழியை..."

"குழி ஞாபகம் இருக்கு. அதுக்கு எட்டு நாள் முன்னால நடந்தது ஞாபகம் இருக்காடா உனக்கு?" அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "என் பிள்ளை தௌலெத் பொறந்தப்ப உனக்குப் பதினாலு வயசு. புல் அறுக்கிற இடம் வரைக்கும் நாலு கிலோமீட்டர் வெறுங்காலோட ஓடினே. சூயின்ஷி, சூயின்ஷின்னு நீ கத்தினது வீட்டுல படுத்திருந்த எனக்கே கேட்ட மாதிரி இருந்துது. என் புருஷன் இடுப்புல கட்டியிருந்த வெள்ளி பெல்ட்டைக் கழட்டி உன் கழுத்துல மாட்டினான். பிள்ளை போன அன்னைக்கு நீ அதைத் திருப்பிக் கொண்டு வந்தே. வாங்கினானா அவன்?"

அகான் கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது.

"சொல்லுடா, வாங்கினானா?"

"வாங்கல."

"என்ன சொன்னான்?"

"'என் மகன் பொறந்தான் இல்ல? குடுத்தது குடுத்ததுதான்'னாரு."

"ஆமா. எட்டு நாள் இருந்தான். என் விரலைப் பிடிச்சுக்கிட்டு எட்டு நாள். அந்த எட்டையும் கெட்ட நாளுன்னு யாராவது என்கிட்ட சொன்னா கடிச்சே கொன்னுடுவேன்." இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கம்ஷாத்தை இழுத்து இறுக்க அணைத்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டு, தன் தலைத்துணியை அவிழ்த்து அவள் தோளில் போர்த்தினாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "இப்ப ஒழுங்காச் சொல்லு. பதினாலு வயசுல கத்தின மாதிரி கத்து."

"இப்பவா அக்கா?"

"இல்ல, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனப்புறம்!"

முகாஷுக்கு அதற்குள் பழைய குறும்பு திரும்ப வந்துவிட்டது. "தொண்டை அடைச்சுக்கிச்சுன்னா தள்ளிக்கோடா. ஊருக்குள்ள இந்தச் செய்தியை நான் கொண்டு போறேன், இன்னும் ரெண்டு குதிரை சம்பாதிச்சுக்கிறேன்."

"தொட்டுப் பாரு, காலை ஒடிச்சுடுவேன்!" என்றான் அகான். கண்ணைச் சட்டைக் கையில் துடைத்தான். கம்ஷாத்தைப் பார்த்தான், இந்தத் தடவை வயிற்றையும் சேர்த்து, தைரியமாக, நன்றாகவே பார்த்தான். இன்னும் பயம் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பயத்தோடேயே அவன் ஆற்றங்கரை மேட்டில் ஏறினான். இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"சூயின்ஷி!"

குதிரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. ஆட்டுக்குட்டி வண்டிக்கு அடியில் ஓடி ஒளிந்தது. கம்ஷாத் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் தனியாகச் சிரிக்கவில்லை.

"சூயின்ஷி! சூயின்ஷி!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கூடாரத்தின் கதவுத் திரை விலகியது. யாரோ ஒரு பெண்பிள்ளை வெளியே வந்து கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். கத்துகிறவன் யார், செய்தி என்ன, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே அவளும் கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"எடுத்துக்கோ! வேணுங்கிறதை எடுத்துக்கோ!"